ஸ்பைடர்மேனுக்குக் கூட்டுக்குடும்பம் ஒத்துவருமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பையனோட உட்கார்ந்து ‘ஸ்பைடர்மேன் 2’ பார்த்துக்கொண்டிருந்தேன். 2004-ல் வந்த சாம் ரெய்மி படம். வேலைக்குச் சேர்ந்த புதுசுல நான் தியேட்டரில் பார்த்தது. பையனுக்கு இதுதான் முதல் தடவை. அவனுக்கு ஸ்பைடர்மேன் என்றால் டாம் ஹாலண்ட். அவெஞ்சர்ஸ் படங்களை எல்லாம் மனப்பாடமாகச் சொல்லுவான்.

அந்த ரயில் காட்சி வந்தது. பார்த்தவர்களுக்கு மறந்திருக்காது. டாக்டர் ஆக்டோபஸ் ரயிலின் கன்ட்ரோலை உடைத்துவிட்டுப் போய்விடுகிறார். தண்டவாளம் முடியப்போகிறது. ஸ்பைடர்மேன் முகமூடி இல்லாமல் ரயிலின் முன்னால் நின்று, இரண்டு பக்கமும் வலையை வீசிப் பிடித்து, உடம்பு கிழிகிற அளவுக்கு இழுத்து நிறுத்துகிறான்.

பையன் திரும்பிக் கேட்டான்: "ஏம்ப்பா, இப்பக்கூட அயர்ன் மேனைக் கூப்பிட மாட்டானா?"

"இந்தப் படத்துல அயர்ன் மேனே கிடையாதுடா."

"ஏன்? அவர் எங்க போனாரு?"

நியாயமான கேள்விதான். அவன் வளர்ந்த உலகத்தில் எந்த ஹீரோவும் தனியாக இல்லை. எனக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை, ஏன்னா நான் வளர்ந்த காலத்தில் எல்லா ஹீரோவும் தனிதான். அன்றிலிருந்து கிடைத்த நேரத்தில் இதைத் தோண்டிக்கொண்டிருந்தேன். ஸ்பைடர்மேன் மாதிரி ஒரு தனி ஆள், பத்து ஹீரோக்கள் சேர்ந்து வாழும் ஒரு சினிமா உலகத்தில் இருக்க வேண்டியவனா, இல்லையா? இணையத்தில் இதற்கு இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி "அவன் தனி ஆள், அவனைக் கெடுத்துட்டாங்க" என்கும். இன்னொன்று "காமிக்ஸ்ல முதல் நாளிலிருந்தே அவன் மத்தவங்களோடதான் இருக்கான்" என்கும். இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அதனால்தான் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதல் கூட்டணி ஒரு டின்னர்

ஹீரோக்களை ஒரே கதையில் சேர்ப்பது மார்வெல் கண்டுபிடித்த விஷயம் கிடையாது. 1940-ன் கடைசியில் ‘ஆல் ஸ்டார் காமிக்ஸ்’ மூன்றாம் இதழில் ஜஸ்டிஸ் சொசைட்டி ஆஃப் அமெரிக்கா என்ற குழு வந்தது. ஃப்ளாஷ், கிரீன் லான்டர்ன், ஹாக்மேன் என்று எட்டுப் பேர். எட்டுப் பேரும் சேர்ந்து என்ன சாதித்தார்கள் என்று கேட்டால் சிரிப்பு வரும். சாப்பிட உட்கார்ந்தார்கள். ஆளாளுக்குத் தன் சாகசத்தைச் சொன்னார்கள். அவ்வளவுதான். ஒவ்வொரு சாகசமும் தனித்தனிக் கதை.

இதைவிட முக்கியமானது அந்தக் குழுவில் இருந்த ஒரு விதி. சொந்தமாகத் தன் பெயரில் ஒரு பத்திரிகை உள்ளவர் முழு உறுப்பினராக இருக்க முடியாது. சூப்பர்மேனும் பேட்மேனும் அதனால் பெயரளவுக்குத்தான் கௌரவ உறுப்பினர்கள். ஃப்ளாஷுக்குத் தனிப் பத்திரிகை வந்தது, குழுவிலிருந்து வெளியே போனார். அடுத்து கிரீன் லான்டர்ன், அதே காரணம். பிறகு சில வருடங்களில் இந்த விதி தளர்ந்தது. ஆனால் ஆரம்பத்தில் கணக்கு தெளிவாக இருந்தது: தனியாக விற்கிற சரக்குக்குக் கூட்டணி தேவையில்லை, தனியாக விற்காததை ஏற்றிவிடத்தான் கூட்டணி.

இன்னொரு தகவல். ‘வேர்ல்ட்ஸ் ஃபைனஸ்ட்’ என்ற பத்திரிகையின் அட்டையில் 1941 முதலே சூப்பர்மேனும் பேட்மேனும் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே புரட்டினால் இருவருக்கும் தனித்தனிக் கதை. ஒருவரின் ரகசியப் பெயரை இன்னொருவர் தெரிந்துகொள்ளும் கதை வந்தது 1952-ல். பத்து வருடத்துக்கு மேல் அட்டையில் மட்டும்தான் நட்பு.

ஆக, சேர்ப்பது என்பது கதைக்கான தேவையாகத் தொடங்கவில்லை. வியாபாரத் தேவையாகத் தொடங்கியது. இதைத் தப்பு என்று சொல்ல வரவில்லை. ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன், பின்னால் வரும்.

வேலை கேட்டுப் போன பையன்

இப்போ நம்ம ஆளுக்கு வருவோம். ஸ்பைடர்மேன் முதலில் வந்தது 1962 ஆகஸ்ட் தேதியிட்ட ‘அமேசிங் ஃபேன்டஸி’ 15-ஆம் இதழில். எழுதியவர் ஸ்டான் லீ, வரைந்தவர் ஸ்டீவ் டிட்கோ. அந்தப் பத்திரிகைக்கு அதுவே கடைசி இதழ். மூடப்போகும் கடையில் வைத்துப் பார்த்த சரக்கு, பிய்ச்சிக்கிட்டுப் போனது. 1963 மார்ச்சில் அவனுக்கே தனிப் பத்திரிகை.

அந்த முதல் இதழின் அட்டையைப் பாருங்கள். ஸ்பைடர்மேன் ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் மாட்டியிருக்கிறான். சுற்றி நிற்பது ஃபென்டாஸ்டிக் ஃபோர். அப்போது மார்வெலில் நன்றாக விற்றுக்கொண்டிருந்த குழு அது. புதுப் பையனை அறிமுகப்படுத்த அவர்கள் முகம் தேவைப்பட்டது. 1940-ன் அதே வியாபாரக் கணக்கு.

ஆனால் உள்ளே நடப்பது வேறு. சித்தப்பா பென் இறந்துவிட்டார். வீட்டு வாடகைக்குப் பணமில்லை. மேடையில் வித்தை காட்டிச் சம்பாதித்த செக்கை மாற்ற பேங்குக்குப் போகிறான். செக் ‘ஸ்பைடர்மேன்’ பெயரில் இருக்கிறது. அடையாள அட்டை கேட்கிறார்கள். எங்கே போவான்? அதே இதழின் இரண்டாவது கதையில் அவனுக்கு ஒரு யோசனை வருகிறது. ஃபென்டாஸ்டிக் ஃபோரில் சேர்ந்துவிட்டால் நல்ல சம்பளம் கிடைக்குமே! பாக்ஸ்டர் பில்டிங்கில் அவர்கள் வீட்டுக்குள் புகுந்து, தன் திறமையைக் காட்ட ஒரு சண்டையும் போட்டுவிட்டு, சம்பளம் கேட்கிறான். அவர்கள் சொல்கிறார்கள்: இங்கே சம்பளமே கிடையாது, வருகிற லாபம் எல்லாம் ஆராய்ச்சிக்கு. பையன் கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறான்.

எனக்கு இந்தக் காட்சி ரொம்பப் பிடிக்கும். இரண்டு கட்சிக்கும் இதில் பதில் இருக்கிறது. "முதல் நாளிலிருந்தே மற்றவர்களோடு இருக்கிறான்" என்பது உண்மை. முதல் இதழிலேயே அவர்கள் வீட்டுக்குப் போகிறான். "தனி ஆள்" என்பதும் உண்மை. அதே இதழிலேயே திரும்பி வந்துவிடுகிறான்.

நம்மூர்க் கணக்கில் சொன்னால், அவன் இருப்பது தனிக்குடித்தனம். ஆனால் காட்டுக்குள்ளே இல்லை, அதே தெருவில். குயின்ஸில் இவன் வீடு, ஆற்றைத் தாண்டி மன்ஹாட்டனில் ஃபென்டாஸ்டிக் ஃபோர், கிரீனிச் வில்லேஜில் டாக்டர் ஸ்ட்ரேஞ்ச், ஹெல்ஸ் கிச்சனில் டேர்டெவில். எல்லாரும் ஒரே ஊர். வழியில் பார்த்தால் பேசிக்கொள்வார்கள், சில சமயம் அடித்துக்கொள்வார்கள். ஆனால் அடுப்பு வேறு.

1966 ஆண்டு மலரில் அவெஞ்சர்ஸே அவனைக் கூப்பிடுகிறார்கள். சேர்வதற்கு ஒரு பரீட்சை: ஹல்க்கைப் பிடித்துக் கொண்டுவா. தேடிப் போய்ச் சண்டை போடுகிறான். நடுவில் ஹல்க் சாதாரண மனிதனாக மாறுவதைப் பார்த்துவிடுகிறான். இவனும் நம்மைப்போல மாட்டிக்கொண்டவன்தான் என்று புரிகிறது. விட்டுவிட்டுத் திரும்பி வந்து, "என்னால முடியலை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். தோற்றவன் என்ற பெயரை எடுத்துக்கொள்கிறான், காரணத்தை யாரிடமும் சொல்வதில்லை. மறுபடியும் வாசல்வரை போய்த் திரும்பியாகிவிட்டது.

இரண்டு பத்திரிகை, இரண்டு ஸ்பைடர்மேன்

1972-ல் ‘மார்வெல் டீம்-அப்’ என்று இன்னொரு பத்திரிகை தொடங்கியது. மாதம் ஒரு விருந்தாளி. பெரும்பாலான இதழ்களில் ஸ்பைடர்மேனோடு யாராவது ஒரு ஹீரோ சேர்ந்து சண்டை போடுவார். 1985 வரை 150 இதழ்கள் வந்தன.

அந்தப் பத்திரிகை ஓடிக்கொண்டிருக்கும்போதே, 1973-ல், ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 121-ஆம் இதழில் அவன் காதலி க்வென் ஸ்டேசி பாலத்திலிருந்து தள்ளப்பட்டு இறக்கிறாள். அந்தப் பாலத்தில் அவன் தனி. மாதா மாதம் தோள் கொடுத்த நண்பர்கள் ஒருவர்கூட அங்கே இல்லை.

அன்றைக்கு வாசித்தவர்களுக்கு இது இடித்ததா? இடித்திருந்தால் அந்தக் கதை இத்தனை வருடம் நின்றிருக்காது. காரணம் எளிது. கூட்டணிக் கதைகள் ஒரு பத்திரிகை, வாழ்க்கைக் கதை இன்னொரு பத்திரிகை. இரண்டும் ஒரே உலகம் என்று வாசகனுக்குத் தெரியும். ஆனால் ஒன்றின் கணக்கை இன்னொன்றில் எழுத மாட்டார்கள். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், இரண்டு மாட்யூலும் ஒரே சிஸ்டத்தில் ஓடுது, ஆனால் டிபெண்டன்சி குறைவு. ஒன்றில் என்ன மாற்றினாலும் இன்னொன்று உடையாது.

அது உடைந்தது 2000-களில். 2004-ன் இறுதியில் வந்த ‘நியூ அவெஞ்சர்ஸ்’ மூலம் ஸ்பைடர்மேன் அவெஞ்சர்ஸ் வீட்டில் நிரந்தர உறுப்பினர் ஆனான். டோனி ஸ்டார்க்கின் நிழலுக்குப் போனான். புதுக் கவசமும் அவர் செய்து கொடுத்ததுதான். 2006-ல் ‘சிவில் வார்’ என்ற மாபெரும் பொதுக்கதை. ஸ்டார்க் பேச்சைக் கேட்டு, பத்திரிகையாளர்கள் முன்னால் முகமூடியைக் கழற்றி, "நான்தான் பீட்டர் பார்க்கர்" என்று உலகத்துக்கே சொல்லிவிட்டான். 44 வருடம் காப்பாற்றிய ரகசியம்.

பொதுக்கதைக்கு அது பிரமாதமான ஒரு பக்கம். ஆனால் விலை கொடுத்தது யார்? அவனுடைய சொந்தப் பத்திரிகை. 2007-ல் அவனுக்கு வைத்த குறி தப்பி சித்தி மே மீது குண்டு பாய்கிறது. அந்தச் சிக்கலிலிருந்து எப்படி வெளியே வருவது என்று தெரியாமல், அதே வருடக் கடைசியில் ‘ஒன் மோர் டே’ என்ற கதை எழுதினார்கள். சித்தியின் உயிருக்காக மெஃபிஸ்டோ என்ற சாத்தானோடு ஒப்பந்தம். விலை, மேரி ஜேனோடு 1987-ல் நடந்த கல்யாணம். அது நடக்காததாகிவிடும். கூடவே அவன் முகத்தை உலகமும் மறந்துவிடும்.

இதை நான் ரோல்பேக் என்றுதான் சொல்வேன். யாரோ ஒரு பொது வேரியபிளை மாற்றினார்கள், நம்ம மாட்யூல் கிராஷ் ஆனது, சரிசெய்ய வழி தெரியாமல் பழைய பேக்கப்பை ஏற்றினார்கள். நடுவில் இருந்த 20 வருட டேட்டா போனது. இன்றுவரை வாசகர்கள் இதற்காகத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அயர்ன் மேன் ஏன் வரலை

இனி பையன் கேள்விக்குப் பதில். 2004 படத்தில் அயர்ன் மேன் இல்லாததற்குக் காரணம் கலை கிடையாது. பத்திரம்.

1985-ல் கேனன் ஃபிலிம்ஸ் என்ற கம்பெனி ஸ்பைடர்மேன் பட உரிமையை 2,25,000 டாலருக்கு வாங்கியது. அங்கே முதலில் எழுதப்பட்ட ஒரு திரைக்கதையில் பீட்டர் எட்டுக்கை உள்ள நிஜச் சிலந்தியாகவே மாறிவிடுவான். நல்லவேளை, எடுக்கவில்லை. பிறகு உரிமை கைமாறிக் கைமாறி கரோல்கோவுக்குப் போனது. ஜேம்ஸ் கேமரன் ஒரு விரிவான கதை எழுதினார். கரோல்கோ திவாலானது. 1996 டிசம்பரில் மார்வெலே திவால் மனு கொடுத்தது. கோர்ட்டில் வழக்குமேல் வழக்கு. கடைசியில் 1999-ல் முடிச்சு அவிழ்ந்தது. அதிலும் ஒரு வேடிக்கை: சோனியிடம் ஜேம்ஸ் பாண்ட் மீது ஒரு உரிமை கோரிக்கை இருந்தது, எம்ஜிஎம்மிடம் ஸ்பைடர்மேன் மீது ஒன்று. அவர்கள் பாண்டை எடுத்துக்கொண்டார்கள், இவர்கள் சிலந்தியை எடுத்துக்கொண்டார்கள்.

பென் ஃபிரிட்ஸ் என்ற பத்திரிகையாளர் 2018-ல் எழுதிய ஒரு புத்தகத்தில் ஒரு தகவல் தருகிறார். பணத்துக்குத் திண்டாடிய மார்வெல், தன்னிடம் மிச்சமிருந்த ஏறக்குறைய எல்லா பாத்திரங்களையும் 2.5 கோடி டாலருக்குச் சோனியிடம் நீட்டியது. சோனி மேலிடம், மற்றவர்களை யார் பார்ப்பார்கள் என்று ஒதுக்கிவிட்டு, ஸ்பைடர்மேனை மட்டும் 1 கோடி டாலருக்கு எடுத்துக்கொண்டது. ஒதுக்கப்பட்ட கூட்டத்தில்தான் தோர் இருந்தார், பிளாக் பேந்தர் இருந்தார்.

எக்ஸ்-மென் உரிமை ஏற்கெனவே ஃபாக்ஸுக்குப் போயிருந்தது. 2005-ல் மார்வெல் தானே படம் எடுக்க 52.5 கோடி டாலர் கடன் ஏற்பாடு செய்தபோது கையில் இருந்தவை பெரிதாக விலைபோகாத பாத்திரங்கள். தனித்தனியாக நிற்க முடியாது என்பதால்தான் சேர்த்து நிறுத்தினார்கள். 1940-ன் விதி ஞாபகம் வருதா? தனியாக விற்காததை ஏற்றிவிடத்தான் கூட்டணி. மார்வெலின் சினிமா உலகம் ஸ்பைடர்மேன் கையில் இல்லாததால் பிறந்தது. அவன் கையில் இருந்திருந்தால் அவன் படத்தையே வரிசையாக எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்பது என் ஊகம்.

2008 கோடையில் இரண்டு வழியும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. மே மாதம் ‘அயர்ன் மேன்’, கடைசியில் நிக் ஃப்யூரி வந்து பொது உலகத்தின் கதவைத் திறக்கிறார். ஜூலையில் ‘தி டார்க் நைட்’, பேட்மேனைத் தவிர வேறு சூப்பர்ஹீரோவே இல்லாத கோதம் நகரம். அது 100 கோடி டாலரைத் தாண்டியது. இரண்டுமே ஜெயித்தன. எனவே எது ஓடும் என்று கேட்பதில் அர்த்தமில்லை. எந்தக் கதைக்கு எது பொருந்தும் என்றுதான் கேட்க வேண்டும்.

ரயிலும் படகும்

ரெய்மியின் முதல் படம் 2002-ல் வந்தது. வெளியான முதல் வார இறுதியிலேயே 10 கோடி டாலரைத் தாண்டிய முதல் படம் அதுதான். அவர் எடுத்த மூன்று படத்திலும் வேறு ஹீரோ இல்லை. இரண்டாவது படத்தில் ஒரு கிண்டல் மட்டும் உண்டு. புது வில்லனுக்குப் பெயர் யோசிக்கும்போது பத்திரிகை ஆபீஸில் ஒருவர் டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் என்று சொல்ல, அந்தப் பெயரை ஏற்கெனவே ஒருத்தர் எடுத்துவிட்டார் என்பார் ஆசிரியர் ஜேம்சன். கதவு அந்த அளவுக்குத்தான் திறந்தது.

இந்த வெற்றிடம் பத்திரத்தால் வந்தது. ஆனால் ரெய்மி அதில் எதைக் கொண்டுவந்து வைத்தார் என்று பாருங்கள். ஊரை வைத்தார். ரயில் நின்றதும் ஸ்பைடர்மேன் மயங்கிச் சரிகிறான். பயணிகள் கைநீட்டிப் பிடிக்கிறார்கள். தலைக்குமேல் தூக்கிக் கைமாற்றி உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைக்கிறார்கள். முகத்தைப் பார்க்கிறார்கள். சின்னப் பையன் என்று தெரிகிறது. இரண்டு சிறுவர்கள் முகமூடியைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். டாக்டர் ஆக்டோபஸ் மறுபடி வரும்போது, ஒரு சக்தியும் இல்லாத அந்த ஜனங்கள் குறுக்கே நிற்கிறார்கள். முதல் படத்திலும் பாலத்தின் மேலிருந்து கிரீன் காப்ளின் மீது கைக்குக் கிடைத்ததை எடுத்து எறிந்தது நியூயார்க் மக்கள்தான்.

இப்போது 2017-ன் ‘ஹோம்கமிங்’ படத்துக்கு வாருங்கள். அதிலும் கிட்டத்தட்ட இதே காட்சி இருக்கிறது. ரயிலுக்குப் பதில் படகு. படகு இரண்டாகப் பிளக்கிறது. ஸ்பைடர்மேன் இரண்டு பக்கமும் வலை வீசி நடுவில் நின்று இழுக்கிறான். அதே தோரணை. ஆனால் முடியவில்லை. அப்போது அயர்ன் மேன் பறந்து வந்து ஒட்டவைத்துவிட்டுப் போகிறார். பிறகு பையனைக் கூப்பிட்டுத் திட்டி, கொடுத்த உடையையும் திருப்பி வாங்கிக்கொள்கிறார்.

ஜான் வாட்ஸ் இதைத் தெரியாமல் எடுக்கவில்லை. பெரியவர்கள் இருக்கும் வீட்டில் ஒரு பையன் எப்படி வளருவான் என்பதுதான் அவர் படம். ஆனால் ஒன்று கவனியுங்கள். படகில் இருந்த பயணிகளில் ஒரு முகமாவது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இல்லை. ரயிலில் இருந்தவர்கள் இருபது வருடம் கழித்தும் ஞாபகம் இருக்கிறார்கள். அயர்ன் மேன் வந்து நின்ற இடம் அந்த ஜனங்கள் நின்ற இடம். பொது உலகத்தில் சேரும்போது ஸ்பைடர்மேன் இழந்தது தனிமையை என்று பலர் சொல்கிறார்கள். அவன் இழந்தது ஊரை என்றுதான் எனக்குப் படுகிறது.

இன்னொன்றும் போனது, பொறுப்பு. எங்கள் வேலையில் ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தால், ஒரே ஆள் ஆன்-காலில் இருந்த காலத்தில் அந்த ஆள் எழுந்து உட்கார்ந்து சரிசெய்துவிட்டுத்தான் படுப்பான். பிறகு ஒரு பிராஜெக்டில் ஒரே காலில் இருபது பேர் சேர்ந்தோம். ஒரு மணி நேரம் எல்லாரும் மற்றவர் பார்ப்பார் என்று மியூட்டில் இருந்தோம். நானும்தான். ஆட்கள் கூடக்கூடப் பொறுப்பின் எடை குறையும். ஸ்பைடர்மேன் கதையோ முழுக்க முழுக்க அந்த எடையைப் பற்றியது. ஒரு திருடனை "என் வேலை இல்லை" என்று விட்டான், அவன் கையாலேயே சித்தப்பா செத்தார். அதற்குப் பிறகு "என் வேலை இல்லை" என்று அவனால் சொல்லவே முடியாது. பக்கத்தில் தோர் நின்றால் சொல்லலாமே!

2019-ன் ‘ஃபார் ஃப்ரம் ஹோம்’ எழுதியவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. பீட்டரே ஃப்யூரியிடம் கேட்கிறான், தோர் எங்கே, டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் எங்கே, கேப்டன் மார்வெல் எங்கே என்று. ஒவ்வொருவருக்கும் ஒரு சாக்கு. கோடில் எக்செப்ஷனைப் பிடித்துப் பிடித்து ஒதுக்குவது மாதிரி. அந்த இரண்டு படத்திலும் சித்தப்பா பென் பெயருக்குக்கூட இல்லை, அவர் இடத்தில் டோனி ஸ்டார்க். வில்லன்கள்கூட ஸ்டார்க்கால் பாதிக்கப்பட்டவர்கள்தான். ஒருத்தர் ஸ்டார்க் வந்ததால் தொழிலை இழந்தவர், இன்னொருத்தர் அவர் கம்பெனியில் வேலைபார்த்து வெளியேற்றப்பட்டவர். பீட்டருக்குச் சொந்தமாக ஒரு எதிரிகூட இல்லை.

தனியா விட்டாலும் சரியா?

அப்படியானால் தனியாகவே விட்டிருக்கலாமா? சோனி விட்டுப் பார்த்தது. 2014-ல் வந்த ‘அமேசிங் ஸ்பைடர்மேன் 2’ 70 கோடி டாலர் வசூலித்தும் ஏமாற்றமாகத்தான் பார்க்கப்பட்டது. அந்தப் படத்தின் கோளாறு வேறு. அடுத்த படங்களுக்கான வில்லன்களை விதைத்து, ஒரே ஹீரோவை வைத்து ஒரு பொது உலகம் கட்டப் பார்த்தார்கள். பிறகு ஸ்பைடர்மேனே இல்லாமல் அவன் வில்லன்களை வைத்துக் கட்டினார்கள். 2018-ல் ‘வெனம்’ ஓடியது. ‘மோர்பியஸ்’, ‘மேடம் வெப்’, ‘க்ரேவன்’ வரிசையாகக் கவிழ்ந்தன. மாப்பிள்ளை இல்லாத கல்யாணம்.

2015 பிப்ரவரியில் சோனியும் மார்வெலும் கைகோத்தன. 2016-ல் ‘சிவில் வார்’ படத்தில் பையன் அறிமுகம். 2019 ஆகஸ்டில் பணப் பங்கீட்டில் சண்டை வந்து பிரிந்தார்கள், அடுத்த மாதமே சேர்ந்தார்கள். நேர்மையாகச் சொல்லணும்னா, இந்தக் கூட்டால் நல்லதும் நடந்தது. ‘சிவில் வார்’ விமான நிலையச் சண்டையில் அத்தனை பெரியவர்கள் நடுவில் ஒரு ஸ்கூல் பையன் வாயடிப்பது, அச்சு அசல் 1963-ல் வேலை கேட்டுப் போன அந்தப் பையன்தான். மற்றவர்கள் பக்கத்தில் நின்றால்தான் அவன் எவ்வளவு சின்னவன், எவ்வளவு இல்லாதவன் என்று தெரியும்.

‘ஹோம்கமிங்’கின் ஆகச்சிறந்த காட்சி எது என்று யோசித்துப் பாருங்கள். கட்டட இடிபாட்டுக்கு அடியில் மாட்டி, உதவிக்குக் கத்தி, யாரும் வராமல், தானே தூக்கிக்கொண்டு எழும் காட்சி. 1966-ல் டிட்கோ வரைந்த 33-ஆம் இதழின் பக்கங்களிலிருந்து வந்தது. ஸ்டார்க்கின் உடை அப்போது அவனிடம் இல்லை.

கடைசியாக 2021 டிசம்பரில் வந்த ‘நோ வே ஹோம்’. 190 கோடி டாலருக்கு மேல் வசூல். பிரச்சினை தொடங்குவதே பக்கத்துத் தெரு டாக்டர் ஸ்ட்ரேஞ்சிடம் ஒரு உதவி கேட்டதால். சித்தி மே சாகிறார். உதவிக்கு வருகிறவர்கள் அவெஞ்சர்ஸ் கிடையாது, பழைய தனிப் படங்களிலிருந்து வந்த இன்னும் இரண்டு ஸ்பைடர்மேன்கள். அந்த வலி அவர்களுக்குத்தான் தெரியும். முடிவில் உலகமே பீட்டரை மறந்துபோகிறது. ஒரு சின்ன வாடகை அறை, தையல் மிஷினில் தானே தைத்த உடை, வெளியே பனி. பொது உலகத்தின் மிகப்பெரிய வெற்றிகளில் ஒன்று, அவனை அந்த உலகத்திலிருந்து வெளியே கொண்டுவந்து விட்டுத்தான் முடிந்தது.

1963, 1966, 2007, 2021. ஒவ்வொரு முறையும் வீட்டுக்குள் போகிறான், ஒவ்வொரு முறையும் யாரோ அவனைத் தெருவில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். எழுதியவர்கள் வேறு, காலம் வேறு, முதலாளி வேறு. ஆனால் பாதை மாறவில்லை. இதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

என் முடிவு இதுதான். ஸ்பைடர்மேன் பொது உலகத்தில் இருக்கலாம், அங்கேதான் பிறந்தான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரனாக. கூட்டுக்குடும்பத்தில் கடைக்குட்டியாக அல்ல. தெருவில் பார்த்துப் பேசட்டும், சண்டை போடட்டும், கல்யாணம் காட்சிக்குப் போய்வரட்டும். வாடகை அவனுடையது, தப்பும் அவனுடையது. அவன் கதையின் கணக்கை வேறு யாரும் வந்து தீர்க்கக் கூடாது. ஒரு படம் இதைச் சரியாகச் செய்கிறதா என்று பார்க்க ஒரு கேள்வி போதும்: விலை கொடுக்க வேண்டிய நேரத்தில் கொடுப்பது யார்?

பையனிடம் இத்தனையும் சொல்லவில்லை. பாதி சொல்வதற்குள் "படத்தைப் போடுப்பா" என்றுவிட்டான். போட்டேன். ரயில் ஜனங்கள் ஸ்பைடர்மேனைத் தலைக்குமேல் தூக்கிக் கொண்டுபோனார்கள். அவன் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அயர்ன் மேனைப் பற்றி மறுபடி கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "எல்லாரும் மூஞ்சியைப் பார்த்துட்டாங்களே, வெளிய சொல்லிட மாட்டாங்களாப்பா?" என்றான்.

"சொல்ல மாட்டாங்கடா" என்றேன்.